பெண் கொடுத்த வீட்டுக் கை

எங்கள் மலைப் பதிக்குப் பெண் கேட்டு வருகிறவர்கள் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் அவளுக்குக் கூடப்பிறந்தவன் இருக்கிறானா என்றுதான் பார்ப்பார்கள், ஏனென்றால் ஆண்பிள்ளை தேன்வரை என்கிற செங்குத்துப் பாறையில் தேனெடுக்க இறங்கும்போது மேலே கயிறு பிடிக்கிற கை அவன் பெண்டாட்டியோடு கூடப்பிறந்தவன் கையாக இருக்க வேண்டும் என்பது கன்னிமார் ஏழு பேரும் இந்த மலைக்கு வந்து கல்லாய் உட்கார்ந்த நாளிலிருந்து இருக்கிற ஏற்பாடு. சொந்த அண்ணன் தம்பி பிடித்தால் பங்கு பிரிக்கிற நினைப்பு வரலாம், சிநேகிதன் பிடித்தால் கொட்டாவி வரலாம், ஆனால் தன் அக்காள் கழுத்து வெறுங்கழுத்தாகிவிடக் கூடாது என்று நிற்கிறவனுக்குக் கண் சொக்காது, கை வழுக்காது. பெண் கொடுத்த வீட்டுக் கை என்று அதற்குப் பேர். கூடப்பிறந்தவன் இல்லாதவளைக் கட்டியவன் மரப்பொந்துத் தேனும் புதர்த் தேனும் எடுத்துக்கொண்டு, நெல்லிக்காயும் துடைப்பத்துக்கு ஆகிற சீமாருப் புல்லும் சுமந்துகொண்டு காலம் தள்ள வேண்டியதுதான். எனக்குப் பிறந்ததில் மூத்தது மருதி, இளையது வெள்ளிங்கிரி. ஆகையால் மருதியைக் கட்டிய செவணனுக்கு வரையில் இறங்க வழி இருந்தது.

கயிற்றுக்குப் பேச்சு உண்டு. கீழே தொங்குகிறவன் ஒரு இழுப்பு இழுத்தால், விடு, இன்னும் கீழே போகிறேன் என்று அர்த்தம். இரண்டு இழுப்பு என்றால் நிறுத்து. மூன்று என்றால் தூக்கு. மேலே இருக்கிறவன் அதைக் கேட்டு நடந்தால் போதும், தன் யோசனையைக் கயிற்றில் ஏற்றக் கூடாது. கீழே இருப்பவனுக்குத்தான் கண் இருக்கிறது, மேலே இருப்பவனுக்கு வெறும் கை. இறங்கினவன் ஏறுகிறவரை அந்தக் கை கயிற்றை விடவும் கூடாது.

சித்திரை மாதம் நல்ல வெயில் நாளில் செவணன் இறங்கினான். குளித்து, கன்னிமாருக்குப் பூப்போட்டு, தழைப்பந்தத்தில் புகை மூட்டி, தேன் பிடிக்கிற தகரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்து நின்றபோதுதான், வழக்கமாகக் கயிற்றின் தலையைக் கட்டுகிற வேங்கை மரத்தை யானை சாய்த்துப் போட்டிருப்பதைப் பார்த்தோம். பக்கத்தில் தொடைப் பருமனில் ஒரு காட்டுக்கொடி வேரோடு நின்றது. எங்கள் கயிறும் காட்டுக்கொடியை வெட்டி முறுக்கினதுதான். வெட்டி முறுக்கின கொடியை, வேரோடு நிற்கிற உயிர்க்கொடியில் கட்டக் கூடாது என்று எங்களிடம் ஒரு சொல் இருக்கிறது, ஏன் என்று யாரும் கேட்டதில்லை, வேங்கை இருந்ததால் கேட்கத் தேவை வரவில்லை.

"பச்சைக் கொடியில கட்டலாமா மாமா?" என்று வெள்ளிங்கிரி கேட்டான்.

"கட்டு மாப்ள. உங்கக்கா பிடிவாதத்தைவிட இது கெட்டியாத்தான் இருக்குது."

மருதி கைக்குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நின்றாள். "மேல வருவேல்ல, அப்பப் பேசிக்கறேன்" என்றாள். அதுதான் அவர்கள் கடைசியாகப் பேசிக்கொண்டது.

செவணன் இறங்கினான், ஒரு இழுப்பு வந்தது, வெள்ளிங்கிரி விட்டான், இன்னொரு இழுப்பு வந்தது, விட்டான், தேனடை தொங்குகிற இடம் வந்திருக்கும் என்று நாங்கள் நினைத்தபோதும் ஒரு இழுப்பு வந்தது, விட்டான், கயிறு தீர்ந்திருக்கும் என்று நினைத்தபோதும் வந்தது, தீராமல் கயிறு இருந்தது, விட்டான். குனிந்து பார்த்தால் முடிச்சுப் போட்ட இடத்தில் உயிர்க்கொடியின் பால் காய்ந்த கொடிக்குள் இறங்கி, முறுக்குக்கு முறுக்கு சிவப்பாய்த் தளிர் கிளம்பி, கயிறு எங்கள் கண்முன்னால் ஒரு குழந்தை சோம்பல் முறிக்கிற மாதிரி நீண்டுகொண்டிருந்தது. தகரத்தை ஏற்றி இறக்கக் கட்டியிருந்த சின்னக் கயிறும் அதே கொடியில் முறுக்கினது, அதுவும் கூடவே நீண்டது.

"மாமா, போதும், வாங்க" என்று வெள்ளிங்கிரி வரை விளிம்பில் படுத்துக்கொண்டு கத்தினான்.

"இன்னும் ஒரு முழம் மாப்ள. இதைவிடப் பெரிய அடை கீழ தெரியுது" என்று குரல் வந்தது. பிறகு குரல் வரவில்லை, இழுப்பு மட்டும் வந்தது. பொழுது சாய்ந்தது. குழந்தைக்குப் பால் கொடுக்க மருதி வீட்டுக்குப் போனாள். வெள்ளிங்கிரி கயிற்றோடு இருந்தான்.

மறுநாள் ஆண்கள் சுற்றுவழியாக அடிவாரத்துக்குப் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வந்தார்கள். வரை நெற்றியிலிருந்து பாதம் வரைக்கும் துலக்கமாய்த் தெரிகிறது, கயிறு பாதி வரைக்கும் வருகிறது, அங்கே பஞ்சுப்பொதி மாதிரி ஒரு வெள்ளைக்குள் போகிறது, அந்த வெள்ளைக்குக் கீழே வெறும் பாறைதான் இருக்கிறது, அதற்கும் கீழே பள்ளத்தில் தண்ணீர் ஓடுகிறது, ஆள் இல்லை என்று சொன்னார்கள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே சின்னக் கயிறு ஆடியது. இழுத்தால் தகரம் நிறையத் தேன் வந்தது. தகரம் வெயில் பட்ட மாதிரி சுட்டது. நான் களி உருண்டையும் கீரைக் குழம்பும் வைத்து அதே தகரத்தை இறக்கினேன். தின்றுவிட்டு மறுபடி தேன் அனுப்பினான். அப்புறம் யார் அழுவது? களி தின்கிறவனுக்காக அழக் கூடாது என்று பதியில் எல்லோரும் எழுந்து வேலைக்குப் போனார்கள்.

இப்படித்தான் அது பழகிப் போயிற்று. காலையில் மாடு அவிழ்ப்பது போல, அடுப்பில் சாம்பல் அள்ளுவது போல, யாராவது வரைக்குப் போய்த் தகரத்தை ஏற்றிவிட்டு வருவார்கள். முன்னெல்லாம் வருஷத்துக்கு ஒரு பருவம் கிடைத்த தேன் இப்போது ஆடியிலும் வந்தது, ஐப்பசி அடைமழையிலும் வந்தது, எல்லா மாதமும் சித்திரைத் தேனாகவே வந்தது, குளிரில் விரல் விறைத்துக்கிடக்கும்போதும் தகரம் மட்டும் வெயில் சூடு ஆறாமல் வந்தது. பெட்டன் மூப்பன் எங்கள் பதிக்குப் பெரிய மனுஷன், நாக்கு நுனியில் ஒரு சொட்டு வைத்துப் பார்த்துவிட்டு, "அவன் பாட்டுக்கு இருக்கான், நம்ம பாட்டுக்கு நாம இருப்போம். வரணும்னா மூணு இழுப்பு இழுக்கத் தெரியாதா அவனுக்கு?" என்றார். அது நியாயமாகத்தான் பட்டது.

வெள்ளிங்கிரிக்கு வரை மேலேயே மூங்கில் வைத்துத் தழை வேய்ந்து கொடுத்தார்கள். ஒரு கையில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு மறு கையால் சாப்பிடுவான், தூங்கும்போது மணிக்கட்டில் சுற்றிக்கொள்வான். கயிறு நீண்டதில் பின்னால் இருக்கிற புதர் வரைக்கும் போய்வர அவனுக்கு முடிந்தது, அதுவும் ஒரு கருணை. இழுப்பு வரும்போதெல்லாம் விடுவான். ஒரு நாளும் தவறவில்லை. அவன் அப்படிப்பட்ட பிள்ளை, சின்னதில் ஆட்டைப் பார்த்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனால் நான் திரும்பி வருகிறவரைக்கும் ஆட்டையே பார்த்துக்கொண்டு இருப்பான்.

காட்டிலாகா கார்டு தங்கராசு ரோந்து வந்தபோது வரை விளிம்பில் வெகுநேரம் நின்றார். கீழ்நாட்டுக்காரர், வேலைக்குப் புதுசு, நல்ல மனுஷன்.

"ஏம்மா, இந்த ஆளு இப்ப எங்க இருக்காரு?"

"கயித்து முனையில சார்."

"அது தெரியுதும்மா. மேல இருந்தா என் பீட்டு, என் எல்லை. அடிவாரத்துல இருந்தா பக்கத்து பீட்டு. நடுவுல தொங்குனா யாரு பீட்டுன்னு நான் எழுதறது?"

"உங்களுக்குக் கஷ்டமா இருந்தா எழுதாதீங்க" என்றேன். அவர் யோசித்துவிட்டு, அதுவும் சரிதான் என்று தொப்பியைக் கழற்றிவைத்து ஒரு டம்ளர் தேன்தண்ணீர் குடித்தார். அதிலிருந்து அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் வெள்ளிங்கிரிக்குப் பீடியும் பேட்டரியும் கொண்டுவந்து கொடுப்பார்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒரு குறையும் இல்லை. ஆனால் எங்களில் ஒருத்தருக்கும் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. உயிர்க்கொடியின் வேர் மண்ணுக்குள் ஓடி, பதியில் வீட்டுக்கு வீடு கூரைக்காலைச் சுற்றி ஏறி, உறிக்கயிற்றில் பின்னி, மாடு கட்டுகிற முளையில் பின்னி, தூளித்துணியின் முடிச்சில் பின்னிக்கொண்டது. செவணன் கீழே ஒரு இழுப்பு இழுத்தால் வெள்ளிங்கிரியின் கையில் அது விழுகிற அதே நேரம் எங்கள் எல்லார் வீட்டு உறியும் ஒரு தரம் ஆடியது, மோர்ச்சட்டி தளும்பியது, தூங்குகிற குழந்தைகள் சிணுங்கின, மாடுகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. விடு. விடு. விடு. களி கிண்டுகிறவள் துடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு வந்து நிற்பாள். சீமாருப் புல் அறுக்கப் போனவர்கள் பாதிக் கட்டோடு திரும்பி வருவார்கள், ஏன் வந்தீர்கள் என்றால் சும்மாதான் என்பார்கள். காட்டுத்தீ பரவாமல் தடுக்கக் கோடு வெட்டப் போனவர்கள் கோட்டை வெட்டிக்கொண்டே போய், தேவையில்லாத இடமெல்லாம் வெட்டிவிட்டு, இருட்டுகிற நேரத்தில் ஏதோ மறந்த மாதிரி நின்றார்கள். பேச்சில்கூட அது ஏறிவிட்டது. குழம்பு இன்னும் வேண்டுமா என்று கேட்டால் பேசாமல் கேட்கிறவளின் சேலையை ஒரு தரம் இழுப்பார்கள், போதும் என்றால் இரண்டு தரம். மூன்று தரம் யாரும் இழுக்கவில்லை.

நான் காலையில் கன்னிமாரிடம் போவேன். ஏழு கல்லுக்கும் தண்ணீர் ஊற்றி, மஞ்சள் வைத்து, மருதிக்காக வேண்டிக்கொள்வேன், தாயே, அவள் தம்பி கை கயிற்றை விடாமல் இருக்கட்டும் என்று. எழுந்து நாலடி நடந்தால் வெள்ளிங்கிரியின் முகம் வரும், திரும்பிப் போய், தாயே, என் பிள்ளையின் கையை விடுவித்துக் கொடு என்பேன். ஒரே வாயால் இரண்டையும் கேட்டால் அவர்கள்தான் என்ன செய்வார்கள். ஏழு பேர் இருக்கிறீர்களே, மூன்று பேர் இதைக் கேளுங்கள், மூன்று பேர் அதைக் கேளுங்கள், ஒருத்தி நடுவில் இருந்து தீர்த்துவையுங்கள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தேன்.

ஏனென்றால் வெள்ளிங்கிரிக்கு மேல்பதியில் ரங்கியைப் பேசி வைத்திருந்தது. செவணன் இறங்கினதற்கு முந்தின தையில் வெற்றிலை மாற்றியது, ஆனியில் கல்யாணம் என்றிருந்தது, ஆனி வந்தது, போயிற்று. ரங்கியின் அப்பன் மாசியில் ஒரு நாள் ஏறி வந்தார், வெள்ளிங்கிரியின் கையைப் பார்த்தார். கொடியின் சுருள் முளைகள் அவன் விரலிடுக்கில் எல்லாம் சுற்றி, மணிக்கட்டில் காப்பு மாதிரி இறுகி, உள்ளங்கைத் தோல் மரப்பட்டை நிறத்தில் இருந்தது.

"கையில கயிறு இருக்குது, தாலிய எந்தக் கையில கட்டுவாரு மாப்பிள்ளை?" என்று என்னிடம் கேட்டார். "தப்பா நினைக்காதீங்க சம்பந்தி. அவரு மச்சான் வர்ற அன்னைக்கு வரட்டும். எம் பொண்ணு அதுவரைக்கும் காத்திருக்கணும்னா அவளுக்கும் வயசுன்னு ஒண்ணு இருக்குது. வைகாசி பாக்கறேன். அப்புறம் வேற இடம் சொல்றாங்க."

ரங்கி அவர் பின்னாலேயே வந்திருந்தாள். வரை மேல் கயிற்றைத் தாண்டி உட்கார்ந்து, வெள்ளிங்கிரியின் கையில் இருக்கிற தளிரை ஒவ்வொன்றாகக் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தாள். கிள்ளக் கிள்ள வந்தது.

"என்னைக் கட்டிக்கறதுக்கு உனக்கு ஆசை இருக்குதா இல்லையா?"

"இருக்குது."

"அப்ப அவருக்கு ஒரு தரம் விடாம இருந்து பாரு."

"விடுன்னு சொல்றப்ப எப்படி விடாம இருக்கறது?" என்றான் என் பிள்ளை. அவனுக்கு உண்மையிலேயே தெரியவில்லை.

ரங்கி எழுந்து சேலையை உதறிக்கொண்டு கூட வந்து நின்ற மூப்பனைப் பார்த்துக் கேட்டாள். "அப்படின்னா அக்கா பிடிக்கட்டும். அவ புருஷன்தான?"

மூப்பன் சிரித்தார், கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். "பொண்டாட்டி கையில கயிறு குடுத்தா உருப்பட்ட மாதிரிதான். தேன் வர்றதுக்குள்ள தூக்கிருவா. அடுப்புல உலை வெச்சிருக்கேன், சீக்கிரம் வான்னு தூக்கிருவா. அதனாலதான பொம்பளைகளுக்கு அதைக் குடுக்கறதில்ல." அது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அவசரப்படுகிற கை என்று அதற்கும் ஒரு பேர் உண்டு. மருதியும் அங்கேதான் நின்றாள். அவள் சிரிக்கவில்லை.

மருதியைப் பற்றிச் சொல்ல வேண்டும். வெறுங்கழுத்தும் இல்லாமல், புருஷன் வீட்டில் இருக்கிறவள் என்கிற நிறைவும் இல்லாமல் அவள் நடந்துகொண்டே இருந்தாள். விறகுக்குப் போய் வந்து, தண்ணீருக்குப் போய் வந்து, போகத் தேவையில்லாத இடத்துக்கும் போய் வருவாள். இரண்டு ஆள் அளவு சமைப்பாள். தினமும் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்பாள், "இழுத்தாரா?" என்று, அவன் "ஒண்ணுதான்க்கா" என்பான், அவள் திரும்பிவிடுவாள். குழந்தை பொம்மிக்குப் பல் முளைத்தது, தவழ்ந்தாள், கூரைக்காலைப் பிடித்து நின்றாள், கூரைக்காலைச் சுற்றியிருந்த கொடியைப் பிடித்து நடந்தாள். கொடி ஆடினால் குழந்தை சிரிக்கும். அப்பா இழுக்கறாரு என்று பதியில் எல்லோரும் அவளுக்குச் சொல்லிச் சொல்லி வைத்தோம். நல்லதாக நினைத்துத்தான் சொன்னோம்.

வைகாசி பிறந்து சில நாள் கழித்து மருதியும் நானும் வரைக்குப் போயிருந்தோம். வெள்ளிங்கிரி சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பொம்மி என் மடியிலிருந்து இறங்கித் தத்தித் தத்திப் போய், விளிம்புக்குச் சற்று முன்னால் கயிற்றின்மேல் படுத்து, அதை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு, கன்னத்தை அதில் வைத்து, "அப்பா" என்றாள். அதுதான் அவள் வாயில் வந்த முதல் வார்த்தை. கயிறு ஒரு தரம் இழுபட்டது. வெள்ளிங்கிரி, வாயில் களியோடு, வழக்கம்போல் விட்டான். விட்ட கயிற்றோடு குழந்தையும் விளிம்பை நோக்கி ஒரு முழம் போனாள், சிரித்துக்கொண்டே போனாள்.

நான் பாய்ந்து காலைப் பிடித்து இழுத்தேன். கன்னிமாரின் பேர்கூட வாயில் வரவில்லை. வெள்ளிங்கிரி தன் கையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

மருதி கத்தவில்லை. தம்பியிடம் போய்க் குனிந்து, "குடு" என்றாள்.

"அக்கா, உன் கை ஆகாது. மூப்பரு—"

"உன் கை நல்ல கைடா. அவரு சொன்னா கேக்குது. எனக்கு அவரு சொன்னா கேக்காத கை வேணும்."

அவன் என்னைப் பார்த்தான். நான் பெற்ற இரண்டும் ஒரே கயிற்றின் முன்னால் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றன. ஆகாததை ஆகும் என்று சொல்ல நான் யார், கன்னிமார் வைத்த ஏற்பாடு, ஆனால் மருதியும் பெண் கொடுத்த வீட்டில் பிறந்தவள்தானே, அந்த வீட்டுக் கை அவளுக்கும் இரண்டு இருக்கிறதே என்று எனக்குத் தோன்றியது, தோன்றியது என்றுகூடச் சொல்ல மாட்டேன், என் தலை தானாக ஆடிவிட்டது. மருதி இடுப்புக் கத்தியை எடுத்துத் தம்பியின் மணிக்கட்டில் சுற்றியிருந்த சுருளை ஒவ்வொன்றாக அறுத்தாள். அறுத்த இடத்தில் வெள்ளையாய்ப் பால் வந்தது. கயிறு கை மாறியது. ஒரு வருஷத்துக்குப் பிறகு வெள்ளிங்கிரியின் கை வெறுமனே இருந்தது, அதை எங்கே வைப்பது என்று தெரியாமல் முதலில் தலையில் வைத்தான், பிறகு முழங்காலில் வைத்தான்.

கீழேயிருந்து ஒரு இழுப்பு வந்தது. விடு.

மருதி பாறையில் காலை உதைத்துக்கொண்டு இழுத்தாள்.

பதி முழுக்க உறிகள் ஆடின. ஓடி வந்தார்கள். மூப்பன் மூச்சு வாங்க வந்து நின்று, "மருதி, அவன் விடச் சொல்றான், நீ இழுக்கறே" என்றார். "தெரியுது மூப்பரே" என்று சொல்லிவிட்டு இன்னொரு முழம் இழுத்தாள். கயிறு இரண்டு தரம் வெட்டி இழுபட்டது. நிறுத்து. "அதுவும் தெரியுது" என்று கயிற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு இழுத்தாள். "தேன் நின்னு போயிரும்" என்று கூட்டத்தில் ஒருத்தர் சொன்னார். "உங்க வீட்டு ஆளைக் கட்டி இறக்குங்க, வரும்" என்றாள். கயிற்றை வேறு ஒரு கையும் தொடவில்லை, ஏற்பாடு அந்த மட்டில் இருக்கட்டும் என்று எல்லோருக்கும் ஒரு பயம். அவள் இழுத்த கயிறு திரும்பிப் போகாதபடி சாய்ந்த வேங்கையின் அடிக்கட்டையில் சுற்றிக்கொண்டு மட்டும் வெள்ளிங்கிரி நின்றான்.

இழுக்க இழுக்க ஒரு வருஷம் மேலே வந்தது. முதலில் இளந்தளிராய் வந்தது, பிறகு மாசிப் பனியில் கருகின இலையோடு வந்தது, கார்த்திகையில் பூத்த பூ வாடாமல் வந்தது, ஐப்பசி மழை இலையிலிருந்து சொட்டிக்கொண்டே வந்தது, ஒரு குருவிக்கூடு முட்டையோடு வந்தது, ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது, ஆடிக்காற்றில் கிழிந்த இலைகள் வந்தன, நாங்கள் அனுப்பி அவன் தவறவிட்ட ஒரு தோள்துண்டு முள்ளில் மாட்டிக்கொண்டு வந்தது. வந்த கொடியைப் பெண்கள் சுமை சுமையாய் இழுத்துப் போய்ப் பின்னால் போட்டார்கள், பாறை நிறைந்தது, வழி நிறைந்தது, பதியில் வாசல்கள் நிறைந்தன. மருதி களைத்தால் கயிற்றைத் தொடைக்கடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு நான் ஊட்டுகிற களியைத் தின்றாள், மறுபடி எழுந்து இழுத்தாள். பொழுது விழுந்து பொழுது எழுந்தது. கை கிழிந்து தளிரெல்லாம் சிவப்பானது. கீழேயிருந்து வருகிற இழுப்பு ஒன்று, ஒன்று, இரண்டு, ஒன்று என்று திட்டுகிற மாதிரி வந்துகொண்டே இருந்து, பிறகு வராமல் நின்றது.

கயிறு சட்டென்று லேசாகிவிட்டது. மருதி பின்னால் விழப் போனாள், ரங்கி பிடித்துக்கொண்டாள். அவள் எப்போது வந்தாள் என்று நான் பார்க்கவில்லை.

"வெறுங்கயிறு" என்றார் மூப்பன். சொல்லிவிட்டு முண்டாசை அவிழ்த்தார்.

என் மகளின் முதுகு மட்டும் எனக்குத் தெரிந்தது. தாயே, ஏழு பேரில் யாராவது ஒருத்தி என்று சொன்னேன், அதற்கு மேல் என்ன கேட்பது என்று தெரியவில்லை. மருதி அந்த வெறுங்கயிற்றையும் இழுத்தாள், எடை இருந்தபோது எப்படி இழுத்தாளோ அப்படியே, ஒரு முழம் மாற்றி ஒரு முழம், வாய்க்குள் எதையோ எண்ணுகிற மாதிரி முணுமுணுத்துக்கொண்டு இழுத்தாள், அருகில் போனபோதுதான் கேட்டது, "வா, வா, வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அப்போது விளிம்பில் ஒரு கை வந்தது, பிறகு இன்னொன்று. கயிற்றின் எடை குறைந்தது அவன் தானே காலை ஊன்றி ஏற ஆரம்பித்ததால்தான். தேன் வழிகிற தலையும், கொட்டு வாங்கி வீங்கின முகமுமாய்ச் செவணன் மேலே வந்து கவிழ்ந்து படுத்து இரைத்தான். தாடி வளரவில்லை. தழைப்பந்தம் இன்னும் புகைந்துகொண்டிருந்தது. வெற்றிலைச் சிவப்பு உதட்டில் ஈரமாக இருந்தது.

"யாரு பிடிச்சது?" என்றான் கண்ணைத் திறக்காமல்.

"ஏன், கை தெரியலியா?"

"வெள்ளிங்கிரி இப்படி இழுக்க மாட்டானே."

"அதனாலதான் இத்தனை நாளா அங்க கிடந்தே" என்றாள் மருதி.

"எத்தனை நாளா? மத்தியானம்தான இறங்குனேன். ஒவ்வொரு அடைய எட்டுறப்பவும் ஒரு முழம் கீழ அதைவிடப் பெரிசா ஒண்ணு. அத்தை வேற களியா அனுப்பிட்டு இருந்தாங்க. இன்னைக்கு என்னடா நம்ம மேல இவ்வளவு பிரியம்னு நினைச்சேன்." எழுந்து உட்கார்ந்து எங்களையெல்லாம் பார்த்தான். பாறை நிறையக் கிடந்த கொடியைப் பார்த்தான். வெள்ளிங்கிரியின் தலைமயிரைப் பார்த்தான், அது தோள்வரை வளர்ந்திருந்தது. குரல் இறங்கிவிட்டது. "பொம்மி தூங்கறாளா?"

பொம்மி ரங்கியின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். செவணன் கையை நீட்டினான். அவள் அவனை ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவனைத் தாண்டி நடந்து போய், பாறையில் கிடந்த கயிற்றின் முனையில் உட்கார்ந்து அதைத் தடவி, "அப்பா" என்றாள்.

அவன் அழுதான் என்று சொல்ல மாட்டேன், முகம் வீங்கியிருந்ததால் தெரியவில்லை.

வைகாசி கடைசியில் வெள்ளிங்கிரிக்கும் ரங்கிக்கும் கல்யாணம் நடந்தது. தாலி கட்டுகிற நேரத்தில் அவன் கை முடிச்சைப் போடாமல் நூலைத் தளர்த்திக்கொண்டே போயிற்று, ரங்கிதான் கழுத்துக்குப் பின்னால் தன் விரலை விட்டு அவன் விரலைப் பிடித்து இறுக்கினாள். கார்டு தங்கராசு மொய்யாக ஒரு குடை கொடுத்தார். தேன் மறுபடி பருவத்துக்குப் பருவம்தான் கிடைக்கிறது, அதற்காக மருதியை யாரும் குறை சொல்லவில்லை, கொஞ்ச நாள் முணுமுணுத்தார்கள், பிறகு விட்டார்கள். உயிர்க்கொடியை மூப்பனே வெட்டினார். அடுத்த சித்திரையில் வெள்ளிங்கிரி இறங்கியபோது ரங்கியின் அண்ணன் கயிறு பிடித்தான், அவன் பின்னால் ரங்கியும் பிடித்தாள். மூப்பன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து எங்கள் பதியில் கேட்கிற கை ஒன்று, கேட்காத கை ஒன்று என்று இரண்டு கை.

செவணன் அதன் பிறகு இறங்கவில்லை. வெகுநாள் பொம்மி அவனிடம் வரவில்லை. அவன் என்ன செய்தான் என்றால், வெட்டிப்போட்ட கயிற்றில் வாசல் நீளத்துக்கு ஒரு துண்டு எடுத்து, ஒரு முனையைத் தன் இடுப்பில் கட்டிக்கொண்டு, மறு முனையைக் குழந்தை விளையாடுகிற இடத்தில் போட்டுவிட்டு, எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்து கூடை முடைந்தான். நாள்கணக்காக அப்படியே இருந்தான். ஒரு நாள் அவள் கயிற்றை எடுத்தாள், ஒரு தரம் இழுத்தாள். அவன் அசையவில்லை. மருதி அடுப்படியிலிருந்து, "மூணு, கண்ணு, மூணு" என்றாள். குழந்தை மூன்று தரம் இழுத்தாள். செவணன் முடைந்துகொண்டிருந்ததைக் கீழே போட்டுவிட்டு எழுந்து வாசலைக் கடந்து அவளிடம் வந்தான்.

எல்லாம் சரியாகிவிட்டது. ஆனால் வெட்டின கொடியின் வேர் மண்ணுக்குள் எங்கேயோ இருக்கிறது போல. சில நாள் காலையில், செவணன் என் கண்ணெதிரில் உட்கார்ந்து களி தின்றுகொண்டிருக்கும்போதே, வெள்ளிங்கிரி வாசலில் பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே, என் வீட்டு உறி ஒரு தரம் ஆடுகிறது, மோர் தளும்புகிறது. கீழே இருப்பது யார், எந்த வீட்டுப் பிள்ளை, எவ்வளவு காலமாக ஒரு முழம், இன்னும் ஒரு முழம் என்று போய்க்கொண்டிருக்கிறான் என்று எனக்குத் தெரியவில்லை, கன்னிமாரைக் கேட்டாலும் சொல்லவில்லை. கை வேலையைப் போட்டுவிட்டு எழுந்து போய், உறிக்கயிற்றைப் பிடித்து மூன்று தரம் இழுத்துவிட்டு, அப்புறம்தான் அடுப்புப் பற்றவைக்கிறேன்.